முதலில் எழுதிய படிப்பு

போன வாரம் கோலா கங்சார் சாலையில் எங்கள் காருக்கு முன்னால் ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்று போனது. ரப்பர் மரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலுக்கு அப்படி ஒரு நாற்றம். பக்கத்தில் இருந்த என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் தேவியின் புத்தகப்பை ஞாபகம் வந்தது. அதிலும் எப்போதும் இந்த வாடைதான்.

தேவி ஈப்போவில் என்னோடு, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படித்தவள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பவர். அவளுக்குக் கோட்பாட்டு இயற்பியல் என்றால் பைத்தியம். ஆய்வுக்கூடமே வேண்டாம், தாளும் பென்சிலும் போதும் என்பாள். அதற்குப் போக முதலில் கணிதம் படிப்பதா, இயற்பியல் படிப்பதா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவள், ஒருநாள் கேன்டீனில் மீகோரெங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்க முடிவைச் சொன்னாள்.

“பிசிக்ஸ்தான்லா. கணக்குப் பாடத்த கூடுதலா எடுத்துக்குவேன். வெறும் கணக்கா படிச்சா எதுக்குப் படிக்கிறோம்னே மறந்துரும்.”

இயற்பியலில் தட்டுத்தடுமாறித் தேறிய நான், இவ்வளவு தெளிவானவளுக்கு யோசனை சொல்லாமல் இருந்திருக்கலாம். சும்மா இருந்தேனா? விண்ணப்பத்தில் எட்டுப் படிப்புகளை வரிசைப்படி எழுத வேண்டும். முதலில் எழுதியது நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்பது எங்களுக்குள் அன்று வேதவாக்கு.

“மொதல்ல கெமிக்கல் இன்ஜினியரிங் போடு. அது எப்படியும் கெடைக்காது. ரெண்டாவதா பிசிக்ஸ் போடு, தானா வந்து விழும்.”

“கெடைச்சிருச்சுன்னா?”

“நமக்கா? போடி!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் அப்படியே எழுதினாள்.

கிடைத்துவிட்டது.

சேதி கேட்டுத் தோட்டத்துக்குப் போனேன். முனியாண்டி கோயில் வாசலில் இரத்தம் இன்னும் காயவில்லை. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால் கெடா வெட்டுவதாக அவள் அப்பா நேர்ந்திருந்தாராம். லயத்து வீடுகளின் சனம் மொத்தமும் பந்தியில் இருந்தது. தேவி இலையைத் தொடவில்லை.

“அப்பீல் பண்ணி பிசிக்ஸுக்கு மாத்திக் கேக்கலாம்பா,” என்றாள் மெதுவாக.

அவர் கோபப்படவில்லை. பயந்துபோனார். “சாமிக்குக் கெடா கொடுத்தாச்சும்மா. இப்ப வேணாம்னா அது நம்மள சும்மா விடுமா?”

வரிசையை மாற்றச் சொன்னது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து கறியைத் தின்றேன்.

ஜொகூர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அவளுடைய முதல் கடிதங்களின் ஓரமெல்லாம் சூத்திரங்கள். பிறகு நலம் விசாரிப்பு மட்டும். பிறகு அதுவும் இல்லை. இரண்டாம் ஆண்டிலேயே திரும்பி வந்துவிட்டாள், யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் முகத்தில் விழிக்கப் பயந்து இன்று நாளை என்று தள்ளிப்போட்டேன். ஒருவழியாகப் போனபோது தோட்டத்தையே அழித்திருந்தார்கள். எங்கே போனார்கள் என்று கேட்கக்கூட ஆளில்லை.

லாரி வளைவில் திரும்பியது. என் மகளுக்கும் இயற்பியல்தான் ஆசை. பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாளா என்று கேட்டேன்.

“நேத்தே அனுப்பிட்டேன்மா. நேத்துதான் கடைசி நாளு.”

“பிசிக்ஸ்தானே மொதல்ல?”

“இல்லம்மா, இன்ஜினியரிங். கூட்டாளிங்க எல்லாரும் அப்படித்தான் போட்டாங்க. அது எப்படியும் கெடைக்காதுலா.”

காரை ஓரங்கட்டினேன். எதிரே, தேவியின் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். லயம் போனது, முனியாண்டி கோயில் போனது, தேவி போனாள். போகாமல் இருப்பது நான் அன்று சொன்ன யோசனைதான்.