பவர்காரரின் சாவி

“இந்த வண்டிச் சாவி என் கையிலேருந்து இன்னொரு கைக்குப் போகணும்னா, நடுவுல நான் போய்ச் சேர்ந்திருக்கணும்” என்று பவர்காரர் அறிவித்தபோது கடையில் நாலு பேர் இருந்தோம். ஒருவரும் சாவியைக் கேட்டிருக்கவில்லை. அவர் சட்டை நுனியால் ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதற்கென்றே வெட்டித் தைத்த மெல்லிய துணிகள் நாற்பது, மேசையில் அடுக்கிக் கிடந்தன. அவை வாடிக்கையாளர்களுக்கு. சட்டை நுனிக்கு ஈடான பொருள் உலகில் இல்லை என்பது அவருடைய முப்பது வருட ஆராய்ச்சியின் முடிவு.

கடையில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். எழுத்துப் பலகையை எத்தனை தூரத்தில் வைத்துக் கண் சோதிக்க வேண்டுமோ, அத்தனை தூரத்தில் பக்கத்துக் கடைக்காரர் செருப்பு விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால் பலகை நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. எதிரே மாட்டிய நிலைக்கண்ணாடியில் அது தெரிவதைப் பார்த்துப் படிக்க வேண்டும். வந்தவர் உட்காருவதற்கு முன்பே இவர், “இடது ஒண்ணேகால், வலது ஒண்ணரை” என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருந்து தொலைக்கும். பவர்காரர் என்ற பெயர் அப்படி ஒட்டியதுதான். துக்கம் கேட்கப் போன இடத்தில்கூட இந்தப் பழக்கம் அவரை விட்டதில்லை. ஒரு வீட்டில் இறந்தவரின் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆறு மாசமா மனுஷன் தப்பான பவரைப் போட்டுக்கிட்டு இருந்திருக்கார்” என்று மூத்த மகனிடம் வருத்தம் தெரிவித்தார். அன்று அந்த வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னதில் உருப்படியான தகவல் அது ஒன்றுதான்.

வண்டிக்கு வயது இருபத்தெட்டு. மகளைவிட ஒரு வயது மூத்தது. செல்லமும் அந்த விகிதத்தில்தான். காலையில் அது உதை வாங்கிக் கிளம்பும்போது தெருவில் தூங்குகிற குழந்தைகள் எழுந்து அழும். தாய்மார்கள் சாபமிடுவார்கள். அவர் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு கையசைப்பார். பின் இருக்கையில் மனிதர்கள் உட்காருவதில்லை. அது பெட்டியின் இடம். அவர் மனைவி ஒரே ஒரு முறை உட்கார்ந்திருக்கிறார். “கல்யாணமான புதுசுல தம்பி. பின்னாடி கனமா இருக்கு, வண்டி இழுக்கலைன்னார். கனமா இருந்தது நான் இல்ல, நாங்க போய்க்கிட்டிருந்த எங்கம்மா வீடு” என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எங்கே போவதென்றாலும் பஸ்தான்.

மழை ஓய்ந்து பாதை காய்ந்ததும் பவர்காரர் வருடத்துக்கு ஒரு முறை பன்னிரண்டு நாள் காணாமல் போவார். காட்டைக் குறுக்கே வெட்டிப் போகும் மண் பாதை. அதன் ஓரத்தில் ஒன்பது கிராமங்கள். எதிலும் கண்ணாடிக் கடை கிடையாது. ஒரு கிளட்ச் வயர், ஒரு டியூப், இரண்டு பிளக், இரண்டு சட்டை, அப்புறம் பெட்டி. கூட வருகிறேன் என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். “காட்டுல ரெண்டு பேர் போனா அது உல்லாசப் பயணம். ஒருத்தர் போனாத்தான் பயணம்” என்பார். திரும்பி வந்ததும் ஒரு மாதத்துக்குக் கடையில் வேலை நடக்காது, கதை நடக்கும். கதையில் பாதை வருடத்துக்கு வருடம் குறுகிக்கொண்டே போகும், பன்றிகள் பெருத்துக்கொண்டே போகும்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அதில்தான் இருந்தது. தகரப் பெட்டி. உள்ளே பவர் வாரியாக அறைகள், அறை அறையாகக் கண்ணாடி வில்லைகள். ஒவ்வொரு வில்லையின் உறையிலும் எறும்புத் தலை அளவில் ஒரு எண் இருக்கும். அவர் எண்ணைப் பார்ப்பதில்லை. மூன்றாவது வரிசை, நாலாவது அறை என்று விரலே போய் எடுக்கும். கிராமத்தில் ஒரு சுவர் நிழலில் ஆளை உட்கார வைத்து, மூன்று விரல் நீட்டிய கை போன்ற படம் போட்ட அட்டையைப் பத்தடி தள்ளிப் பிடித்து, “விரல் எந்தப் பக்கம்?” என்று கேட்பார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் மேலும் கீழும் தெரியும் அல்லவா. பதிலைக் கேட்டு, வில்லையை எடுத்து, அங்கேயே சட்டத்தில் முடுக்கி மாட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். தப்பு நேர்ந்தால் திருத்த அடுத்த வருடம்தான் வருவார். தப்பு நேர்ந்ததில்லை.

போன வருடம் ஆறாவது ஊருக்கு முந்தின ஓடையில் வண்டி “லேசா சாய்ஞ்சுது”. இது அவருடைய சொல். நிமிர்த்தியபோது பெட்டி திறந்து கிடந்தது. வில்லைகள் எல்லாம் கரையில் ஒரே குவியலாக இருந்தன. உட்கார்ந்து, எண்ணைப் பார்த்துப் பார்த்து, திரும்ப அடுக்கினார். அதாவது, பார்த்ததாக நினைத்து அடுக்கினார். இந்தப் பகுதி எங்களுக்குச் சொன்ன கதையில் இல்லை. அந்த இடத்தில் ஒரு பன்றி இருந்தது.

அதற்கப்புறம் ஏழு மாதம் மனைவி கெஞ்சி, கடைசியில் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் பலகையைக் காட்டிய மாத்திரத்தில் பவர்காரர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மூச்சு விடாமல் வாசித்தார். வாசித்த வேகத்தில், அடியில் பொடியாக அச்சிட்டிருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டார். டாக்டர் எழுந்து போய்ப் பலகையின் அடியைக் குனிந்து பார்த்தார். பலகைகளில் எழுத்தெல்லாம் ஒன்றுதான். அச்சகம் மட்டும் வேறு. பவர்காரர் ஒப்பித்தது தன் கடைப் பலகையை அடித்த அச்சகத்தின் பெயரை.

இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, இனி வண்டியைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். வெளியே வந்த பவர்காரர், “பையன் சின்னவன். இன்னும் அனுபவம் பத்தாது” என்று முடித்துவிட்டார். முதலில் சொன்ன அறிவிப்பு வந்தது அந்த வாரம்தான். கடையில் இருந்த நாலு பேரில் ஒருவர் அவருடைய மனைவி. அவர் சாவியைப் பார்த்தார். கேட்கவில்லை. பாதை காய்ந்ததும் பவர்காரர் வழக்கம்போலக் குழந்தைகளை அழவைத்துவிட்டுக் கிளம்பினார். மனைவி வாசலில் நின்று, தெருக்கோடியில் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி பார்வையிலிருந்து மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

இனி வருவது ஆறாவது ஊரின் தையல்காரம்மா சொன்னது. அதனால் இதில் பன்றி வராது.

ஆறாம் நாள் பகல், வண்டி வருவதற்கு முன்னால் அதன் ஹாரன் வந்திருக்கிறது. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே, நடை வேகத்தில் வந்தாராம். பாதையை அவர் பார்க்கவே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. பார்க்கிற இடத்திலெல்லாம் நடுவில் ஒரு புகைப்பொட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால் இரண்டு பக்க மரங்களுக்கும் இடையே மேலே தெரியும் வானத்துண்டை வைத்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்; வானம் வளைந்தால் பாதை வளைகிறது என்று கணக்கு. மரம் இல்லாத இடங்களில் இறங்கித் தள்ளியிருக்கிறார். ஆடு மாடுகளைக் காதால் கண்டுபிடித்திருக்கிறார். ஐந்து நாள் இப்படி. ஐந்து ஊரிலும் யாருக்கும் தெரியவில்லை. ஐயாவுக்கு வயதாகிவிட்டது, நிதானமாக வருகிறார் என்று மெச்சியிருக்கிறார்கள்.

போன வருடம் அவர் மாட்டிவிட்ட கண்ணாடிகளோடு ஊர் திரண்டு வந்தது. பதினாறு பேர். ஒவ்வொருவரும் தலையை ஒவ்வொரு கோணத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். சமதரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். அந்த ஊர்க் குழந்தைகள் போட்டிருந்த சட்டைகளுக்கு வலது தோள் ஒரு விரற்கடை மேலே இருந்தது. எல்லாம் தையல்காரம்மா தைத்தவை.

“மொதல்ல தலை சுத்துச்சுங்கய்யா. படி எங்க இருக்குன்னு தெரியல. ஊசி ரெண்டு தடவை நகத்துல ஏறிடுச்சு” என்று அவர் பவர்காரரிடம் சொன்னார். “நீங்க இவ்ளோ தூரம் தேடி வந்து குடுத்தது. அது தப்பா இருக்குமா? எங்க கண்ணுதான் வணங்க மாட்டேங்குதுன்னு பழகிட்டோம்.”

மரியாதை இவ்வளவு தூரம் போகும் என்று யாரும் எச்சரித்திருக்கவில்லை. தையல்காரம்மாவின் அண்ணன் மட்டும் வரவில்லை. அண்ணனும் அந்தக் கண்ணாடியோடு பழகப் பார்த்தவர்தான். ஓடைக்குக் குறுக்கே போட்ட பலகையில் காலை வைத்ததாக நினைத்து, பலகை இல்லாத இடத்தில் வைத்துவிட்டார். இடுப்புக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. “அவரு வண்டியை இப்போ நான்தான் ஓட்டறேன். துணி வாங்கப் போகணுமே” என்றார் தங்கை.

பவர்காரர் தையல்காரம்மாவின் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முன்னால் கொண்டுபோனார், பின்னால் கொண்டுவந்தார். பவர் சரியாகத்தான் இருக்கிறது என்றார். கூட்டத்தில் யாரோ, ஐயா கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன என்று முனகினார்கள். பவர்காரர் சிரித்தார். தன் கையாலேயே அட்டையை எடுத்துத் தையல்காரம்மாவிடம் நீட்டி, சுவர் நிழலில், இத்தனை வருடமாக மற்றவர்களை உட்கார வைத்த கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“பத்தடி தள்ளி நின்னு கேளும்மா.”

“விரல் எந்தப் பக்கம்யா?”

“மேல.”

தையல்காரம்மா அட்டையைத் திருப்பவில்லை. தாமதத்தைக் கவனித்த பவர்காரர், “வலது, வலது. வெயில் கூசுது” என்று திருத்திக்கொண்டார்.

“ஐயா,” என்றார் தையல்காரம்மா மெதுவாக, “நான் அட்டையைப் பின்பக்கமா பிடிச்சிட்டேன். இதுல ஒண்ணுமே இல்ல.”

பதினாறு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார்.

கல்லிலிருந்து எழுந்தார். பிறகு பதினாறு கண்ணாடிகளையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார். சட்டை நுனியைத் தொடவில்லை. அண்ணன் படுத்திருந்த அறைக்குப் போய், எந்தக் கால் என்று கேட்டார். அண்ணன் சொன்னார். கட்டிலோரத்தில் உட்கார்ந்து கையால் தடவி, முறிவு கூடிய முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான் பேச்சை மாற்றுவதற்காக, அடுத்த மூன்று ஊரும் காத்துக்கொண்டிருக்குமே என்று விசாரித்திருக்கிறார்.

மறுநாள் காலை பெட்டியைப் பின் இருக்கையில் கட்டப் போனவர், பாதியில் ரப்பர் கயிற்றை அவிழ்த்தார். பெட்டியை இறக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். தையல்காரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினார்.

பவர்காரர் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அது தையல்காரம்மாவின் கைக்கு ஒரு சாண் இடது பக்கம், வெறும் காற்றில் போய் நின்றது. தையல்காரம்மா சத்தமில்லாமல் தன் கையை நகர்த்திச் சாவிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்.