கம்பி போட்டுக் கட்டிய லீவர்

சென்னையில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்று, ஏழைகளுக்குப் பயன்படும் வேலையைத்தான் செய்வேன் என்ற உறுதியோடு, சொந்த ஊரான பாகூரில் ஒரு வாடகைக் கார் கொட்டகையில் சேர்ந்தேன். முதல் நாளே அங்கிருந்த ஒரே காரைச் சீர்திருத்தத் தொடங்கிவிட்டேன். பெட்ரோல் செலவு குறைந்தால் வாடகை குறையும். வாடகை குறைந்தால் கூலிக்காரர்களும் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தருக்கத்தில் பிழை இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது.

கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான ஜெட்டைச் சிறியதாக மாற்றினேன். அடுத்தது பொறியை உண்டாக்கும் மாக்னெட்டோ. பிளக்கில் பொறி முந்தி விழுவதா, பிந்தி விழுவதா என்பதை ஸ்டியரிங் நடுவே இருந்த ஒரு லீவர் தீர்மானித்தது. டிரைவர் கண்ணையன் அதை ஓயாமல் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். படிக்காதவரின் பழக்கம் என்று எண்ணினேன். வேகமாக ஓடும் எஞ்சினில் பொறி முந்தி விழுந்தால்தான் முழுச் சக்தி கிடைக்கும் என்றது புத்தகம். ஆகவே மூன்றாம் நாள் காலை எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, சத்தம் இனிமையாக வந்த இடத்தில் லீவரை இரும்புக் கம்பியால் இறுகக் கட்டினேன்.

“முசே, இத்தக் கட்டிட்டீங்களே, திரும்ப ஸ்டார்ட் பண்ண சொல்ல இன்னா பண்றது?” என்றார் கண்ணையன். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் படித்தவர்களை ‘முசே’ என்றுதான் அழைப்பார்கள்.

“நடுவுல எதுக்கு அணைக்கப் போறீங்க? நேரா பாண்டிச்சேரி போய்ச் சேர வேண்டியதுதானே!” என்றேன்.

அந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கரும்பாலையில் கூலி வேலை செய்யும் அஞ்சலையைத் தூக்கி வந்தார்கள். உருளைக்குக் கரும்பு கொடுக்கையில் இடக்கை மாட்டி நசுங்கியிருந்தது. சீக்கிரம் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கை பிழைக்கலாம் என்றார் கட்டுப் போட்டவர். என் சீர்திருத்தத்தின் பலனை நேரில் காணும் ஆசையோடு நானும் ஏறிக்கொண்டேன்.

பாகூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே பிரிட்டிஷ் நிலம் குறுக்கிடும். அங்கே சுங்கச் சாவடி. எஞ்சினை அணைத்தால்தான் சோதனை. இந்த ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அதுவரை நான் மாட்டுவண்டியில்தான் அந்த வழியே போயிருந்தேன். அதில் அணைப்பதற்கு ஒன்றுமில்லை.

அஞ்சலையின் கையைப் பார்த்ததுமே காவலர், “போ, போ!” என்றுவிட்டார். ஆனால் எஞ்சினை அதற்குள் அணைத்தாயிற்று. கண்ணையன் இறங்கிப்போய், வண்டியின் முன்னால் இருந்த ஸ்டார்ட் ஹாண்டிலைச் சுழற்றினார். பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பொறி விழுந்தது. ஹாண்டில் பின்னோக்கி உதைத்தது. அவர் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா முசே,” என்றாள் அஞ்சலை, வலியில் பல்லைக் கடித்தபடி. “நீங்க பாடம் சொல்லிக் குடுத்த வண்டியாச்சே, நின்ன எடத்துலயே நிக்குது?”

கம்பியை அவிழ்க்கப் போனேன். முடியவில்லை, அத்தனை நேர்த்தியாகக் கட்டியிருந்தேன். காவலர் ஒரு குறடு கொண்டுவந்து வெட்டினார். பொறி பிந்தி விழும்படி லீவரை இறக்கிவிட்டு, வாழ்நாளில் முதன்முறையாக ஹாண்டிலைப் பிடித்தேன்.

“கட்டவெரல மடக்காதீங்க முசே!” என்று தரையிலிருந்து கத்தினார் கண்ணையன். “ஒரு வண்டில ரெண்டு கை போனது போதும்.”

நாலாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. அந்தக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். கியர் போட வேண்டியது வலக்கை. அவருடைய வலக்கையோ மடியில் கிடந்தது. அவர் இடக்கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நான் கியர் போட்டேன்.

“முன்னால தள்ளுங்க… அய்ய, பல்லு நறநறன்னு கடிக்குது பாருங்க! இப்ப லீவர ஏத்துங்க. மேடு வருது, எறக்குங்க, எறக்குங்க!”

ஏற்றினேன்; இறக்கினேன். இரண்டு நாள் முன்பு படிக்காதவரின் பழக்கம் என்று நான் ஒதுக்கியது, நான் புத்தகத்தில் பாதியோடு மூடிவைத்த பாடம்.

அஞ்சலைக்கு இரண்டு விரல்கள் போயின; கை மிஞ்சியது. சாவடியில் நின்ற நேரத்துக்கு அதில் பங்கு உண்டா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் நான் திருந்தாமல் போய்விடுவேனே என்று பிற்பாடு காரணம் கற்பித்துக்கொண்டேன். உண்மைக் காரணம் பயம்.

கண்ணையனின் மணிக்கட்டு கூடும்வரை அவருக்கு வலக்கையாக இருந்தவன் நான்தான். பழைய ஜெட்டையும் திரும்பப் பொருத்தினேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், பொறியை எவ்வளவு முந்த வைப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். வண்டி வழியில் எத்தனை இடத்தில் நிற்கும், நின்றபின் ஹாண்டிலைச் சுழற்றப்போவது யாருடைய கை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது தாமாகவே வந்து சொன்னால், தயவுசெய்து பதிலுக்குக் கேள்வி கேட்காதீர்கள்.