ஒரே ஒரு பெயர் இருந்த வருகைப் பதிவேடு

மே மாதம் வந்தால் எங்கள் கல்லூரி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை சேர்க்க வேண்டும். நாங்கள் அதைக் கேன்வாஸ் என்போம். ஊர்க்காரர்கள் நேராகவே, ‘பிள்ள புடிக்க வந்திருக்காவ’ என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. ஆளுக்கு ஐந்து பிள்ளை. எம்.இ. முடித்துப் பதினோரு வருடம் சிவில் இன்ஜினியரிங் நடத்திய நான், வழவழ நோட்டீஸ் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு வேம்பாரில் பஸ் இறங்கி, பிளஸ் டூ எழுதின பிள்ளை இருக்கிற வீடு எது என்று கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறேன். மானம் மரியாதை எல்லாம் முதல் இரண்டு வருடம்தான் உறுத்தும். அப்புறம் வெயில்தான் உறுத்தும்.

அப்படித்தான் ஒரு மே மாதம், பிளஸ் டூ எழுதியிருந்த அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. அப்போதுதான் வேலை முடிந்து வந்தவர், காலில் உப்பு காய்ந்திருக்க வாசலிலேயே நின்று நான் சொன்னதைக் கேட்டார். பஸ், லேப், கேம்பஸ் இன்டர்வியூ என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். பக்கத்திலேயே துறைமுகம் இருக்கும்போது கட்டட வேலைக்கு என்ன பஞ்சம் என்றும் சொன்னேன். அவர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு இதெல்லாம் வெளங்காது தாயி. அங்கன நீங்கதான் பாடம் எடுப்பீயளா?”

“நான்தான் எடுப்பேன்.”

“அப்போ சரி” என்றார். என் ஐந்தில் அவள் நான்காவது.

அந்த வருடம் சிவிலில் சேர்ந்ததே ஆறு பேர்தான். அறுபது பேர் உட்காரும் அறையில் ஆறு பேர். முதல் வருடம் முடிந்ததும் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். இரண்டாம் வருடம் முடிவதற்குள் ஒருவன் துறைமுகத்தில் லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போனான், இன்னொருத்திக்குக் கல்யாணம் ஆயிற்று. பெஞ்சுகளைக் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

ஆசிரியர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எங்கள் துறையில் ஏழு பேர் இருந்த இடத்தில் நான் மட்டும் மிஞ்சினேன். மெக்கானிக்கல் சார் முத்தையாபுரத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி தோசைமாவு அரைத்து விற்கிறார். ஒருநாள் மாவு வாங்கப் போனபோது, “புளிச்சாலும் இது நம்ம மாவு மேடம், எவனும் வந்து கிளாஸ் இல்லைன்னு சொல்ல மாட்டான்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் முதல்வர் கூப்பிட்டார். இனி சிவிலுக்குப் புதுச் சேர்க்கை கிடையாது, இருக்கிற பிள்ளை முடிக்கும் வரை துறை ஓடும் என்றார். இருக்கிற பிள்ளை என்றால் அவள் ஒருத்திதான். “அந்தப் பொண்ணு இருக்கிற வரைக்கும் ஒரு ஸ்டாஃப் வேணும். பார்த்துக்கோங்க மேடம், உங்களுக்கும் நல்லதுதான்” என்றார். அவள் போனால் என் வேலையும் போகும் என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டியதில்லை. என் கணவருக்கு அனல்மின் நிலையத்தில் இருந்த ஒப்பந்த வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மகன் அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தான். வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான்.

அந்த வாரமே அவள் என் மேஜைக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெரிய கல்லூரியில் மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே சிவிலுக்கும் கம்பெனிகள் வரும், கூடப் படிக்க ஐம்பது பேர் இருப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இங்கே டீசி வாங்கியாக வேண்டும்.

“போவட்டுமா மேடம், இருக்கட்டுமா?”

போ என்பதுதான் பதில். எனக்கும் தெரியும். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஆசிரியரைக் கேட்டாலும் போ என்றுதான் சொல்லுவார்.

“புது எடத்துல அம்பதோட அம்பத்தொண்ணா இருப்ப. இங்க ஒரு பிள்ளைக்கு ஒரு டீச்சர். யாருக்குக் கிடைக்கும்?” என்றேன். குரல் நடுங்கவே இல்லை. இத்தனை வருடம் கேன்வாஸ் போன தொண்டை.

அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். “சரி மேடம், இருக்கேன்” என்றாள். என் பேச்சில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போயிற்று. அதன் பின் இரண்டு வருடம் அவளும் நானும்தான். தினமும் பதிவேட்டைத் திறந்து அந்த ஒரே பெயரைக் கூப்பிடுவேன். இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு ‘பிரசன்ட் மேடம்’ என்பாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் துறைக்கே விடுமுறை. சர்வே கேம்புக்கு ஆள் போதாது. அவள் கருவியில் கண் வைக்க, மைதானத்தின் அந்தக் கோடியில் அளவுகோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எங்களுடையது பழைய கருவி, அதில் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். “தலைகீழா நிக்கீய மேடம்” என்று அங்கிருந்தே கத்தினாள். நானும் சிரித்தேன். இரவு படுத்த பிறகு அது சிரிப்பாக இல்லை.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். குற்ற உணர்ச்சியில் கூடுதலாகவே சொல்லிக்கொடுத்தேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரார் பிள்ளையைப் பிடித்து வைத்து என் பிள்ளையை வளர்த்தேன். அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான்.

அவள் முதல் வகுப்பில் தேறினாள். கம்பெனி எதுவும் வரவில்லை. ஒரு பிள்ளைக்காக எவன் வருவான்? அவள் டீசி வாங்க வந்த நாள்தான் எனக்கும் கடைசி நாள். ஆபீஸில் இருவரும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டோம். ஆபீஸ் அண்ணாச்சி பதிவேட்டை வாங்கி, மற்ற பழைய பதிவேடுகளோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி வைத்தார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். இனியும் சொல்லாவிட்டால் செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உன்னை இருன்னு சொன்னது உனக்காக இல்ல. நீ போனா என் வேலை போயிரும். அதுக்காகத்தான் சொன்னேன்.”

“தெரியும் மேடம்.”

“என்ன தெரியும்?”

“ஒங்ககிட்ட கேக்க வாரதுக்கு முன்னாலயே ஆபீஸ் அண்ணாச்சி சொல்லிட்டாவ. நீ டீசி வாங்குனா ஒங்க மேடத்துக்கு வேல இருக்காதுன்னு. அப்பாட்ட சொன்னேன். நம்மள நம்பி ஒரு ஆளு இருக்கயில விட்டுட்டுப் போவப்பிடாதுன்னுட்டாவ. நீங்க ‘போ’ன்னு சொன்னா மட்டும் போவலாம்னு இருந்தேன்.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. “ஏளா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? உன் படிப்பு, உன் வேலை, அதை வச்சா விளையாடுவ?” என்று நடுரோட்டில் கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? உப்பு காய்ந்த காலோடு வாசலில் நின்ற அந்த மனிதர் இரண்டு வருடமாக என் மேல் இரக்கப்பட்டிருக்கிறார். நான் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்கத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “உப்பு பாக்கெட் போடுத கம்பெனியில சூப்பர்வைசருக்கு ஆள் கேக்காவ மேடம். திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காவ” என்றாள். நான்கு வருடம் கான்கிரீட்டும் கம்பியும் படித்த பிள்ளை. நல்லது என்று சொன்னேன்.

வேம்பார் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“ஒங்களுக்கு வேற காலேஜ்ல கெடச்சிருச்சா மேடம்?”

மூன்று கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டிருந்தேன். இரண்டிலிருந்து பதில் இல்லை. மூன்றாவதில் சிவிலையே மூடிவிட்டோம் என்றார்கள். அவள் படியிலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

“கிடைச்சிருச்சு” என்றேன்.

“எங்கன?”

“நாகர்கோவில் பக்கம்.”

“அப்போ சரி மேடம்” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. ஜன்னலோரம் இடம் பிடித்து, பஸ் வளைவில் திரும்பும் வரை கையாட்டிக்கொண்டே போனாள். நானும் ஆட்டினேன். பின்னாலேயே முத்தையாபுரம் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அடுத்ததில் போனேன்.