பூட்டன் சுட்ட பன்றி

எங்கள் பூட்டன் ஒரே வெடியில் காட்டுப்பன்றி விழுத்தியவர் என்பது குடும்பப் பெருமை. கலியாண வீடோ செத்த வீடோ, அந்தக் கதையைச் சொல்லாமல் பெரியப்பா பந்தியை விட்டு எழும்ப மாட்டார். குழல்வாயால் மருந்தும் ஈய உருண்டையும் போட்டு இடிக்கிற இடியன் துவக்கு. எங்கள் வளவு முதிரைமரத்தடியில் பன்றி. சொல்லச் சொல்லப் பன்றி கொழுத்துக்கொண்டே போனது.

சண்டை முடிந்து மல்லாவிக்குத் திரும்பி நாங்கள் கல்வீடு கட்டிய வருடம் அந்த முதிரை காற்றில் சாய்ந்தது. வாசல் நிலைக்கு அதுதான் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். வெள்ளிக்கிழமை நிலை வைக்க நாளும் பார்த்தாயிற்று. ஆனால் மரம் அரிகிற மரக்காலைக்காரர் எங்கள் பக்கத்து மரம் என்றாலே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுவார். உள்ளே சண்டையில் பாய்ந்த துவக்குச் சன்னம் இருந்தால் அவருடைய வாள் உடைந்துபோகும்.

அம்மா விடவில்லை. கடைசியில் மரக்காலைக்காரர் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கட்டை முழுக்கத் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அம்மாளாச்சியைக் கும்பிட்டுக்கொண்டு வாளை ஓட்டினார்.

பாதியில் சத்தம் மாறியது. பதறிப்போய் நிறுத்தினார். அம்மா, அப்பா, பெரியப்பா, நான் எல்லோரும் கிட்ட ஓடினோம்.

வாளுக்கு ஒன்றுமில்லை. மர வைரத்தின் நடுவே, மரம் நின்றபோது முழங்கால் உயரமாக இருந்த இடத்தில், ஈய உருண்டை ஒன்று இரண்டாகப் பிளந்து மினுங்கியது.

“இது எங்கடை சண்டையின்ரை இல்லை. இடியன் குண்டு. ஈயம் காந்தத்திலை ஒட்டாது” என்றார் மரக்காலைக்காரர்.

அப்பா மெதுவாகப் பெரியப்பா பக்கம் திரும்பினார். “அண்ணை, அப்ப பன்றி?”

“பன்றியைத் துளைச்சுக்கொண்டு வந்திருக்கும்!” என்றார் பெரியப்பா, கொஞ்சமும் அசராமல்.

மரக்காலையே சிரித்தது. பெரியப்பாவும் தாக்குப்பிடிக்க முடியாமல் மரக்குற்றியில் குந்தியிருந்து சிரித்தார். அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஈயத்தை விரலால் தடவி, “ஒருத்தருக்கும் படேல்லை” என்றார். பிறகும் ஒருமுறை, “ஒருத்தருக்கும் படேல்லை, என்ன?”

“ஓம் அம்மா, பன்றி தப்பியிட்டுது” என்றேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நிலை ஏறியது. ஈயத்தைத் தோண்டி எடுத்துவிட்டு அடைக்கலாம் என்ற தச்சரை அம்மா கிட்ட விடவில்லை. சண்டையில் சன்னம் பட்டுச் செத்த, தன்னோடு கூடப்பிறந்த மாமாவின் படத்தை நிலைக்குப் பக்கத்திலேயே மாட்டினார். படத்துக்குச் சந்தனம் வைத்த கையோடு அந்த ஈயத்துக்கும் ஒரு பொட்டு வைப்பார்.

அம்மாவுக்குப் பன்றியில் இவ்வளவு இரக்கமா என்றுதான் அப்போது நினைத்தேன்.