பூட்டாத சைக்கிள்கள்

கோவில்பத்து சாலையில் இன்று பச்சை மரத்தூள் வாடை அடித்ததும் சின்ன வயதில் பார்த்த மரம் ஒன்று நினைவுக்கு வந்தது. டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அப்போதெல்லாம் இந்தச் சாலையின் பஸ் ஸ்டாப் தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிளைப் பூட்டாமலேதான் விடுவார்கள். நிழல் நகர நகர, அந்தப் பக்கம் வருகிற யாராவது எல்லாவற்றையும் நிழலுக்குள் தள்ளி வைப்பார்கள். சாலையை அகலப்படுத்த மரத்தை அறுத்த அன்று, கிளையில் கட்டிய கயிறு விறைத்து நிற்க, “பாப்பா, தள்ளிப் போ” என்று அறுப்பவர் கத்தக் கத்த, மற்ற சைக்கிள்களைத் தள்ளி வைத்தபின் மிச்சமிருந்த அப்பாவின் சைக்கிளை இழுத்துக்கொண்டு ஓடினேன். முதுகுக்குப் பின்னால் கிளை முறிந்து விழுந்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய அப்பா, வெயிலில் நின்று கொதித்த சைக்கிள் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். “இனிமே யாரு நகத்தி வைக்கப் போறா?”

மறுநாள் எல்லாச் சைக்கிளும் வெயிலில் பூட்டிக் கிடந்தன.