கேக்குக்கு ஊறிய அத்திப்பழம்

எழுபதுகளில், கல்யாணமான புதிதில், தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். வகுப்பில் என் வாய்க்கு எல்லோரும் அடங்குவார்கள். வீட்டில் மாமியாரிடம் என் பருப்பு வேகவில்லை.

கிறிஸ்மஸ் கேக் முழுக்க அவர் ராஜ்யம். அக்டோபரிலேயே உலர்பழங்களை நறுக்கித் திராட்சை ரசத்தில் ஊறப்போட்டுவிடுவார். முதல் கேக் நாசரேத்தில் அவர் படித்த பள்ளியின் விடுதிக்குப் போகும், ஊருக்குப் போக வழியில்லாமல் விடுமுறையிலும் அங்கேயே கிடக்கும் பிள்ளைகளுக்கு. பிறகுதான் எங்களுக்கு.

அந்த வருடம் தோணியில் வந்த சரக்கு என்று கடைத்தெருவில் அத்திப்பழம் வாங்கியிருந்தார். ஜாடியில் போட்டது போக மீந்ததை நான் பிட்டுப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் பூசணம். ஜாடியோடு கொட்டிவிடலாம் என்றேன்.

"ஏளா, திராட்சரசத்துல ஊறுனா எந்தக் கிருமியும் பொழைக்காது," என்றார். அவர் அம்மா காலத்திலிருந்து அப்படித்தானாம்.

பூசணம் சாகலாம், அது விட்டுப்போன நஞ்சு சாகாது, அடுப்பில் வெந்தாலும் போகாது, ஈரலைப் பிடிக்கும் என்று விளக்கினேன். படித்த திமிர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்க வேறு நாதியில்லை. நான் சொல்வது பொய்யானால் இனி கேக் பக்கமே வரமாட்டேன் என்று பந்தயம் கட்டி அவரைக் கல்லூரிக்கு அழைத்துப்போனேன்.

ஆய்வுக்கூடத்தின் சன்னல்களை மூடி, புறஊதா விளக்கின் கீழ் இரண்டு பழங்களைப் பிட்டு வைத்தேன். வேறு கடையில் வாங்கியது இருட்டாகவே கிடந்தது. எங்கள் வீட்டுப் பழம் பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்ந்தது. ஒளிர்வதெல்லாம் நஞ்சு என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்காமலிருக்க இது போதும் என்றேன். மாமியார் குனிந்து இரண்டு பழங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

வீட்டுக்கு வந்ததும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ஈரத்தில் கெட்ட பழத்தைக் கழுவிக் காயவைத்து விற்றதைக் கடைக்காரர் மென்று விழுங்கி ஒப்புக்கொண்டார்.

"அண்ணாச்சி, இத இன்னொருத்தருக்கு வித்தீங்கன்னா, என் மருமவ விளக்கத் தூக்கிட்டு வந்து இங்கனயே உக்காருவா," என்றார் மாமியார். கடையில் மிச்சமிருந்த அத்திப்பழ மூட்டை அன்றே எரிந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி நின்று பார்த்தேன்.

அந்த டிசம்பரில் முந்திரியும் உடன்குடிக் கருப்பட்டியும் போட்டுக் கேக் செய்தோம். விடுதிப் பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்றார்கள்.

அடுத்த அக்டோபரில் மாமியார் பழப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே என் கையில் கொடுத்தார்.

"காலேஜுக்குக் கொண்டு போளா. நீ பாத்துட்டுச் சொன்னாத்தான் ஊறப்போடுவேன்."