சிவப்பு பெயின்ட் வாடை

பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு இன்று சிவப்பு பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். இலங்கையில் ஹட்டனுக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தை ரயில் பாதை அறுத்துப் போகும் இடத்தில், இப்போது பாலம் நிற்கிற இடத்தில், அன்று இருந்தது ரயில் வரும்போது கார் ரோட்டை மறிக்க ஒரு துருப்பிடித்த சங்கிலியும், பனி இறங்கினால் அணைந்துவிடும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கும்தான். மழை நாளில் பெண்கள் கம்பளியைத் தலையோடு போர்த்தி, அதன்மேல் கூடைக்கயிற்றை இறுக்கி, கொழுந்து நிறுக்கப் போக அந்தத் தண்டவாளத்தைக் கடப்பார்கள். கம்பளிக்குள் மழைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது. என் சின்னம்மாவுக்கும் ரயில் வந்தது கேட்கவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம், எங்களை வேலை வாங்கும் கங்காணி, "காத மூடிக்கிட்டு போனா எப்புடிங்க கேக்கும்?" என்றார். அவர்களும் தலையாட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். சங்கிலி அப்படியே கிடந்தது.

அடுத்த மழைக்காலத்தில், யாரும் மாட்டாத அந்தச் சங்கிலியைத் தாண்டி மூக்கை நீட்டிய தோட்டத்தை நடத்தும் துரையின் கார் ரயிலில் உரசி, முன்விளக்கு ஒன்று உடைந்தது. மாதம் முடியுமுன் புது இரும்புக் கேட், சிவப்புக் கண்ணாடி விளக்கு, மணி எல்லாம் கார் ரோட்டுக்கு வந்துவிட்டன. பெண்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை இருபதடி தள்ளி. அங்கே ஒரு குச்சிகூட நடவில்லை.

சிவப்பு பெயின்ட் காயாத கேட்டைக் காட்டி, "பாத்தியா, ஒங்களுக்காகத்தான் தொரை போட வச்சிருக்காரு" என்று கங்காணி என் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா கம்பளியைக் காதுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, மழையில் காது நனைய, தங்கச்சி செத்த இடத்திலேயே தண்டவாளத்தைத் தாண்டினாள்.